த்ரீ நாட் த்ரீயும் ஒரு கீறலும்

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் கையில் ரைஃபிள் வந்தவுடன் ஏதோ கார்கில் போருக்கே கிளம்பிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும். பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டை வலிக்க ஆரம்பித்ததும் அந்த நினைப்பு காணாமல் போய்விடும். கிட்டத்தட்ட 4 கிலோ எடை, 113 செ.மீ. நீளம். அதில் பாதிக்கு மேல் பார்த்தால் கட்டைதான். இரும்பு உள்ளே ஒளிந்திருக்கும்.

இது சுடுகிற துப்பாக்கி இல்லை. 'டி.பி.' என்று எழுத்து அடித்து, சுட முடியாதபடி செய்து, டிரில் பழக மட்டும் கொடுக்கப்படுவது. ஆனால் ஒரு காலத்தில் உலகப்போரில் இருந்த ஜாதி. லீ என்ஃபீல்டு, பேச்சு வழக்கில் த்ரீ நாட் த்ரீ. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி கரையில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1962-ல் சீனாவோடு நடந்த சண்டையில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது இதுதான். அதற்குப் பிறகுதான் ராணுவம் 7.62 ரைஃபிளுக்கு மாறியது. மிச்சமிருந்த பழையவை போலீஸ், ஹோம் கார்டு, என்.சி.சி. என்று இறங்கி வந்தன. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்து அனுப்பியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இது துப்பாக்கியைப் பற்றிய கதை இல்லை. அதன் கட்டையில் விழுந்த ஒரு கீறலைப் பற்றியது. வையம்பட்டியில் இருக்கும் ஒரு தாத்தாவையும், திருச்சியில் பி.காம். படித்த அவருடைய பேரனையும் பற்றியது.

வையம்பட்டி தெரியாதவர்களுக்கு: திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறையில் முறுக்கு வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர். தாத்தா 1968-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். இ.எம்.இ. என்ற பிரிவில் ஆர்மரர். அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர். ஊரில் யாரிடமாவது "பட்டாளத்துல என்ன வேலை?" என்று கேட்டால் துப்பாக்கி சுட்ட கதை வரும். இவரிடம் கேட்டால் "ரிப்பேர் வேலை" என்பார், அவ்வளவுதான். கேட்டவர் ஏமாந்து போய் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார் :)

பேரன் கல்லூரியில் என்.சி.சி. இரண்டாம் வருஷம். ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு ரைஃபிள் ஸ்குவாடில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு மேல் டெல்லி குடியரசு தின முகாமுக்கான தேர்வு. அதுவரை போய்விட்டால் பிறகு வேலைக்கான இண்டர்வியூவில் சொல்லிக்கொள்ள ஒரு சங்கதி இருக்கும். பி.காம். மாணவனுக்கு சி சர்டிஃபிகேட் என்பது பேலன்ஸ் ஷீட்டில் குட்வில் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத சொத்து.

பிரச்சினை ஒரு சின்னச் சத்தத்தில் ஆரம்பித்தது. அவனுக்கு வாய்த்த ரைஃபிளின் பின்கட்டை லேசாக ஆடியது. தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றும்போது எல்லாருடையதும் 'டப்' என்று ஒரே சத்தம் போட, இவனுடையது மட்டும் 'டட்டப்' என்று இரண்டு சத்தம் போட்டது. பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரின் காது பாம்புக்காது. "அந்த ரெண்டு சத்தம் யாரு?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

ஆயுதம் துடைக்கும் நாளில் பையன் ஒரு வேலை செய்தான். பின்கட்டையின் அடியில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதில் குட்டிக் கதவு ஒன்று உண்டு. எண்ணெய் சீசாவும், குழல் துடைக்கும் கயிறும் வைப்பதற்கு. அதற்குள் எட்டிப் பார்த்தால் ஆழத்தில் ஒரு பெரிய போல்ட்டின் தலை தெரியும். பின்கட்டையை இரும்போடு சேர்த்துப் பிடிப்பது அந்த ஒற்றை போல்ட்தான். லேப் அட்டெண்டரிடம் நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கடன் வாங்கி, உள்ளே விட்டு, பலம் கொண்ட மட்டும் முறுக்கினான். முதலில் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. நகரும்போது எங்கேயோ 'டிக்' என்று சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

பின்கட்டை ஆடவில்லை. சந்தோஷமாக ரேக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த பரேடில் அந்த ரைஃபிள் ஒரு முதலாண்டுப் பையன் கைக்குப் போனது. ஊன்றிய வேகத்தில் முன்கட்டையின் பின்முனையில் இருந்த மயிரிழைக் கீறல் இரண்டு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்தது. ரிஜிஸ்டரில் அன்றைய தேதியில் யார் பெயர்? முதலாண்டுப் பையன் பெயர். அரசாங்கச் சொத்து. அவன் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்.சி.சி. ஷூவுக்கே அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு வந்தவன். "கீழ போட்டியா? எவ்வளவு தெரியுமா இது?" என்று மைதானத்தில் எல்லார் முன்னாலும் கேட்டபோது, "இல்ல சார், இல்ல சார்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நம் ஆள் மூன்று அடி தள்ளி அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தான். அட்டென்ஷனில் நிற்பவன் பேசக்கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டம் ரொம்ப வசதியாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பேருந்து ஏறி வையம்பட்டி வந்தான். ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தாத்தா பின்கட்டுத் திண்ணையில் பழைய கட்டில் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, சும்மா ஒரு டவுட்டு. த்ரீ நாட் த்ரீ முன்கட்டையில கீறல் விட்டா ஒட்ட முடியுமா?"

தாத்தா நிமிரவில்லை. "எந்த எடத்துல?"

"பின்பக்க முனையில. சதுரமா ஒரு குழி இருக்குமே, அதுகிட்ட."

உளியைக் கீழே வைத்தார். "பின்கட்டையை முறுக்கினது யாரு?"

பையனுக்கு வேர்த்துவிட்டது. இவன் பின்கட்டை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த ரைஃபிளின் அமைப்பு அப்படி. பின்கட்டையைப் பிடிக்கும் நீள போல்ட் இரும்பு உடம்பைத் தாண்டி முன்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த முனை மட்டும் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கும். முன்கட்டையின் பின்முனையில் அந்தச் சதுரம் வந்து உட்கார ஒரு குழி, அதில் ஒரு தகடு. சதுரம் குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் போல்ட் தானாகக் கழன்று சுற்ற முடியாது. லாக் மாதிரி. சண்டையில் கழன்று விடக்கூடாதே என்று செய்த ஏற்பாடு. ஆனால் முன்கட்டையைக் கழற்றாமல் பின்னாலிருந்து போல்ட்டை முறுக்கினால்? சதுரம் சுற்றும், குழி சுற்றாது, நடுவில் மரம் பிளக்கும். ஆர்மரர் வகுப்பில் முதல் வாரப் பாடமாம். முன்னாடியைக் கழற்றாமல் பின்னாடி கை வைக்காதே. 50 வருஷத்தில் எத்தனை கீறல் பார்த்திருப்பார்! இடத்தைச் சொன்னாலே போதும், என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி.

பையன் எல்லாவற்றையும் கொட்டினான். முதலாண்டுப் பையன் விஷயத்தை மட்டும் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லிவிட்டு ஒரு யோசனையும் சொன்னான். முன்கட்டை தனியாகக் கழன்று வரும். கிளீனிங் அன்றைக்குக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டால், தாத்தா ஒரே ராத்திரியில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். திங்கட்கிழமை திரும்பப் போட்டுவிட்டால் கீறலே இல்லை. கீறல் இல்லாவிட்டால் யார் மேலும் பழி இல்லை. ரெண்டு என்ட்ரியும் டேலி ஆகிவிடும். பி.காம். மூளை!

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, கோத்துல இருக்கிற சாமான் கையெழுத்து இல்லாம ஒரு ஸ்க்ரூ கூட வெளிய வரக்கூடாது. கட்டைதானேன்னு நீ நெனைக்கிற. சட்டத்துக்குக் கட்டையும் துப்பாக்கிதான்."

அவர் சொன்னது சரி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும் சேர்த்தி. பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று 5-வது பிரிவு சொல்கிறது. வெளிநாட்டில் பழைய ராணுவ ரைஃபிளைக் கடையில் வாங்கி, கட்டையை இழைத்து, முன்பாதியை அறுத்து, வேட்டைத் துப்பாக்கி மாதிரி ஒல்லியாக்கி வைத்துக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் விலை மலிந்து கிடந்ததால் வந்த பழக்கம். இங்கே அந்தக் கதையெல்லாம் நடக்காது. இங்கே உருமாற்றம் செய்ததெல்லாம் சர்க்கார்தான். போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுக்க இதே ரைஃபிளின் குழலை வழுவழுப்பாக்கி, குண்டுப்பெட்டி இருக்கும் குழியை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற 410 மஸ்கட் ஆக்கினார்கள். 1857-க்குப் பிறகு உள்ளூர்க்காரன் கையில் நல்ல துப்பாக்கி கொடுக்கவே வெள்ளைக்காரனுக்கு பயம். அந்த பயம் ஒரு மரத்துண்டாக இறங்கி அந்தக் குழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க செஞ்சா யாருக்கும் தெரியாது தாத்தா."

"எனக்குத் தெரியும்ல?"

அப்புறம் அவரே, கேட்காமலே, தன் கதை ஒன்றைச் சொன்னார். டிரெய்னிங் முடித்து யூனிட்டுக்குப் போன முதல் வருஷம். குள்ளமான சிப்பாய் ஒருவர். ரைஃபிளைத் தோளில் வைத்தால் கை டிரிகருக்கு எட்டவில்லை, சுடும்போதெல்லாம் கன்னத்தில் அடி. "தம்பி, கொஞ்சம் குறைச்சுக் குடேன்" என்று கெஞ்சியிருக்கிறார். இளவயசு, கையில் ரம்பம். பித்தளைத் தகட்டைக் கழற்றி, அரை அங்குலம் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசி, புதுசு மாதிரி கொடுத்துவிட்டார். சிப்பாய்க்கு ஒரே சந்தோஷம். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் சுபேதார் அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால் இந்த ரைஃபிளின் பின்கட்டை ஒரே அளவில் வருவதில்லை. சாதாரண அளவு ஒன்று, நீளக் கைக்காரர்களுக்கு 'எல்', குட்டைக் கைக்காரர்களுக்கு 'எஸ்'. அதற்கும் குட்டையாக 'பி', அதாவது பேண்டம். முதல் உலகப்போரில் உயரம் குறைந்தவர்களை மட்டும் சேர்த்து பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த பட்டாலியன்களுக்கு அந்தப் பெயர். சட்டை மாதிரி அளவு பார்த்து மாற்றிக் கொடுத்தால் முடிந்தது வேலை. எஸ் கட்டை ஸ்டோரிலேயே இருந்திருக்கிறது. இவர் கேட்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்று அறுத்துவிட்டார்.

"சுபேதார் யார் அறுத்ததுன்னு கேட்டாரு. அந்தக் குள்ளமான ஆளு, நான்தான் அறுத்தேன்னு முன்னாடி வந்துட்டாரு. என்னைக் காப்பாத்த."

"நீங்க?"

"வாயைத் தொறக்கல. அவருக்கு ஏழு நாள் தண்டனை. முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஓடணும். நான் பட்டறையில உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பேரனும் கேட்கவில்லை. பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா பிரித்துப் போட்ட கட்டிலின் கால் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். சட்டம் நுழையும் சதுரத் துளையின் மூலையிலிருந்து கீறல் ஓடியிருந்தது. ரைஃபிளில் விழுந்த கீறலுக்கு அண்ணன் தம்பி மாதிரி. மரத்தில் சதுரமாகத் துளை போட்டால் கீறல் மூலையிலிருந்துதான் கிளம்பும், அது கட்டிலானாலும் துப்பாக்கியானாலும். "இதுல செய். பார்த்துக்கிறேன்" என்றார்.

முதல் பாடம், கீறலை மூட அவசரப்படாதே என்பது. முதலில் திறக்க வேண்டும். மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்து, மூச்சு விடுகிற மாதிரி கொஞ்சமாகத் திறந்து, உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிலில் தூசி மட்டும்தான். துப்பாக்கிக் கட்டை என்றால் 50, 60 வருஷத்து எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. தின்னரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைப் பொடி செய்து குழைத்து அப்பி, வெயிலில் வைத்தால் பொடி எண்ணெயைக் குடித்துப் பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொடி வெள்ளையாகவே நிற்கும் வரை.

பிறகு அரால்டைட். இரண்டு டியூபையும் சம அளவு பிதுக்கிக் குழைத்து, கீறலுக்குள் பழைய பிளேடால் தள்ளி, ஆப்பை உருவி, இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு கிளாம்ப் எல்லாம் தேவையில்லை. சைக்கிள் டியூபை நீளவாக்கில் நறுக்கிய பட்டைதான். இழுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், எந்த வளைவிலும் உட்காரும். "பட்டாளத்துல கிளாம்ப் இருக்கும். இருந்தாலும் நான் டியூப்தான் கட்டுவேன்" என்றார் தாத்தா. அதில் ஒரு பெருமை.

பசை மட்டும் போதாது. காய்ந்த பிறகு கீறலுக்குக் குறுக்கே துளை போட்டு, கெட்டி மரத்தில் சீவிய முளை ஒன்றை இறக்க வேண்டும். மரம் பிளப்பது ரேகை ஓடும் திசையில். குறுக்கே முளை நின்றால் மறுபடி பிளக்க வழியில்லை. இஷாப்பூர்காரர்களே இதைத்தான் செய்தார்கள். இந்த ரைஃபிளின் முன்கட்டையில் குறுக்காக ஒரு ஸ்க்ரூ ஓடும். இந்தியாவில் செய்ததற்கு அதுதான் அடையாளம், சேகரிக்கிறவர்கள் அதற்கு இஷாப்பூர் ஸ்க்ரூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூர் வெயிலுக்கு மரம் சுருங்கும், மழைக்கு ஊதும். லண்டன் பக்கத்தில் போட்ட டிசைனுக்கு வையம்பட்டிச் சித்திரை தெரியுமா என்ன!

கடைசியில் ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் இல்லை. கொஞ்சமாகக் கையால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து. துடைத்த துணியைப் பேரன் சுருட்டி மூலையில் எறிந்தபோதுதான் தாத்தா அன்றைக்குக் குரலை உயர்த்தினார். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். பந்தாகச் சுருட்டிப் போட்டால் நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்க வேண்டும். (வீட்டில் ஃபர்னிச்சருக்கு இந்த எண்ணெய் பூசுகிறவர்கள் தயவு செய்து கவனிக்கவும். இது கதை இல்லை.)

பேச்சுவாக்கில் பேரன் கேட்டான், இந்த வேலைக்கெல்லாம் இனிமேல் என்ன மதிப்பு என்று. திருச்சியிலேயே நவல்பட்டில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021-ல் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்தபோது அது கம்பெனி ஒன்றின் கீழ் போனது. அங்கே செய்த இன்சாஸ் ரைஃபிளில் கட்டை இருந்த இடத்தில் பிளாஸ்டிக். உடைந்தால் ஒட்டுவது கிடையாது, கழற்றி வேறு மாட்ட வேண்டியதுதான். தேய்மானம் போட்டுப் போட்டு இந்த பழைய கட்டைகளின் மதிப்பு கணக்குப்படி எப்போதோ பூஜ்ஜியம் ஆகியிருக்கும்.

"பூஜ்ஜியமா?" என்றார் தாத்தா. "அப்புறம் எதுக்குடா அந்தப் பையனைத் திட்டினாங்க?"

திங்கட்கிழமை காலை, பரேடுக்கு அரை மணி நேரம் முன்பு, பேரன் ஹவில்தார் முன்னால் போய் நின்றான். ஸ்க்ரூ டிரைவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் முழுதாகக் கேட்டார். "சதுரக் குழி விஷயம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். சொன்னான். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து, முதலாண்டுப் பையன் பெயரில் இருந்த குறிப்பைச் சிவப்பு மையில் அடித்து, இவன் பெயரை எழுதி, இவனிடமே கையெழுத்து வாங்கினார். ஆகஸ்ட் 15 ஸ்குவாடிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. டெல்லித் தேர்வுப் பட்டியல் வந்தபோது அதிலும் பெயர் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஸ்குவாடில் காலியான இடத்துக்கு வந்தது யார் என்று நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். தப்பு. அந்த முதலாண்டுப் பையன் இல்லை. அவன் அந்த வாரமே என்.சி.சி.யை விட்டுவிட்டான். இவன் ஹாஸ்டல் வரை போய் மன்னிப்புக் கேட்டான். "பரவால்லண்ணா" என்றான் அவன். திரும்ப வரவில்லை.

செப்டம்பரில் யூனிட்டிலிருந்து ஆர்மரர் ஒருவர் டூல் பெட்டியோடு வந்தார். கட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றபோது ஹவில்தார் இவனைக் கைகாட்டினார். இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். எண்ணெய் எடுத்தது, பசை குழைத்தது எல்லாவற்றையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி வையம்பட்டிக்கு போன் போட்டான்.

"முளை அடிச்சாரா?"

"அடிச்சாரு தாத்தா."

"எப்படி, ரேகைக்குக் குறுக்காவா?"

"குறுக்காத்தான்."

"எதால கட்டுனாரு?"

"கிளாம்ப்."

"ம்" என்றார் தாத்தா. "சரி, பாட்டிகிட்ட பேசு."